கொட்டகைக்கு வராத படங்கள்

தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் கொட்டகைக்கு வந்த படங்களையே கணக்கில் கொள்வர். சேரி முற்றத்திலும் தொழிற்சங்கக் கூடத்திலும் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டப்பெற்ற சிறு படங்களுக்கு அவர்தம் நூல்களில் இடம் அரிது. ஆயினும், கடந்த கால் நூற்றாண்டில் நம் மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளை அறிய விழைவோர் அப்படங்களைத் தேடாமல் இருக்க இயலாது.

இவை தோன்றத் தடையாயிருந்தது முதன்மையாகப் பணமே. 16 மி.மீ. படச்சுருள் 400 அடி ஓடினால் கிடைப்பது 11 நிமிடக் காட்சி; அதைக் கழுவிப் படியெடுக்கும் செலவு வேறு. 1990-களின் பிற்பகுதியில் கைக்கு அடக்கமான டிஜிட்டல் ஒளிப்பதிவுக் கருவி வந்தது. ஒரு சிறு நாடாவில் 60 நிமிடம் பதியலாயிற்று.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரித் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியது. தாமிரபரணிக்குள் துரத்தப்பட்டோருள் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறந்தனர் என்றது விசாரணை ஆணையம். ஆர். ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்நிகழ்வைக் காட்சிச் சான்றுகளுடன் நம் கண்முன் வைக்கிறது. ஆற்றில் இறங்கியவர்கள் ஏன் இறங்கினர் என்பதை அறிக்கையைப் படித்து அறிவது ஒன்று; அவர்கள்மீது தடி ஓங்கப்படுவதைக் காண்பது வேறொன்று.

மதுரையில் ஆர். பி. அமுதன் எடுத்த படத்தின் பெயர் 'பீ' (2003). இச்சொல்லை மலரில் அச்சிடலாமா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சொல்லையே தொட அஞ்சுவோர், அப்பொருளை நாள்தோறும் அள்ளும்படி ஒரு சாதியாரை விட்டுவைத்தது எவ்வாறு என்பதே படத்தின் கேள்வி. கோயிலருகே உள்ள ஒரு சந்தில் துப்புரவுப் பணி செய்யும் பெண்மணி ஒருவரைக் கருவி பின்தொடர்கிறது. வேறு கதை இல்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1993-லேயே இயற்றப்பெற்றது. பத்தாண்டுக்குப் பின்னும் அச்சந்தில் அது எட்டிப்பார்க்கவில்லை.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதைப் பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் 'ராமய்யாவின் குடிசை' என்னும் ஆவணப்படமாக்கினார். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர் மேல்முறையீட்டில் விடுதலையாகிவிட்ட வழக்கு அது. தப்பிப் பிழைத்தோர் முதுமை எய்திய காலத்தில் அவர்தம் வாய்மொழி பதிவானது. இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருப்பின் அதுவும் கிட்டியிராது.

2017-இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' குறும்படம் அன்று, நெடிய ஆவணப்படம். எனினும் 'பீ' தொடங்கிய கேள்வியையே அது மாநிலமெங்கும் கொண்டு சென்றது. பல ஊர்களில் திரையிட அனுமதி மறுக்கப்பெற்றதும், அது யூடியூபில் ஏற்றப்பட்டு மக்களைச் சென்றடைந்தது.

அந்த வசதி பழைய நாடாக்களுக்கு இல்லை. ஈரத்தில் அவற்றில் பூஞ்சை படர்கிறது. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. முடிந்த படத்தில் சில நிமிடங்களே இடம்பெற, வெட்டி நீக்கப்பெற்ற பேச்சு பன்மடங்கு இருக்கும். நம் ஊர்களில் எவர் வீட்டுப் பரணிலேனும் அத்தகைய நாடா கிடப்பின், அதைக் கணினிக்கு மாற்றும் பணியை இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும். பேசியவர் பெயரையும் ஊரையும் அறிந்தோர் உயிருடன் இருக்கும்போதே அவற்றை எழுதி வைத்தலும் வேண்டும்.