சயாம் ரயிலுக்குப் பின்: சி ரூசா வட்டாரத் தோட்டங்களில் பெண்களின் உழைப்பும் சிறுதொழிலும்

1945 செப்டம்பர் 9 அன்று மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் பிரித்தானிய இந்தியப் படைகள் கரையிறங்கின. ஜப்பான் முன்பே சரணடைந்துவிட்டதால் சண்டை நடக்கவில்லை. அந்தக் கரையோரத்துச் சி ரூசாவிலும், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் சுவா பெத்தோங், பிராட்வால், சுங்காலா போன்ற ரப்பர்த் தோட்டங்களிலும் சமாதானம் என்றால் சயாமுக்குப் போனவர்களுக்காகக் காத்திருப்பது என்றே ஆயிற்று. 415 கிலோமீட்டர் நீள சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 78,000 பேர் என்பது போருக்குப் பிந்தைய பிரித்தானியக் கணக்கு. பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். 1931-இல் சுமார் 6,20,000 ஆக இருந்த மலாயா இந்தியர் தொகை 1947 கணக்கெடுப்பில் 6,00,000 அளவுக்குக் குறைந்திருந்தது.

ஆண் துணை இழந்த லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) குடும்பங்கள் எப்படி மீண்டன? தோட்ட நிர்வாகம் மீண்டது, ரப்பர் மீண்டது, ஆகவே தொழிலாளியும் மீண்டான் என்பதே வழக்கமான விளக்கம். காரணத்தைத் தலைகீழாகப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குப் புறப்படுவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்துவிட்டது. போருக்கு முன்புபோல் கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிவர வழியில்லை. காடேறிக் கிடந்த நிரைகளைச் சீராக்கிப் பால்மரம் வெட்ட, லயத்தில் எஞ்சியிருந்த பெண்களை விட்டால் தோட்டங்களுக்கு வேறு ஆள் ஏது? ஆனால் இந்தத் தேவை கூலியில் தெரியவில்லை. 1920-களின் பிற்பகுதியில் முக்கியப் பகுதிகளுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த ஏற்றத்தாழ்வு போருக்குப் பின்னும் மறைந்துவிடவில்லை.

கூலியை நம்பி மட்டும் அடுப்பு எரிந்திருக்காது. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறுங்காகிதமானது. அரிசிக்குப் பங்கீடு, கள்ளச்சந்தையிலோ கொள்ளை விலை. இங்கேதான் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு விதி முக்கியமாகிறது. குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை மேய்ச்சலுக்கோ காய்கறிக்கோ ஒதுக்கவேண்டும் என்றது அது. தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறேகால் சென்ட். ஆக்கிரமிப்புக் காலத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உயிர்காத்த அந்தத் துண்டு நிலம், பிறகு கீரைக்கும் கத்தரிக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடமானது. விடியலில் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), மதியம்வரை பால்வெட்டு, அதன்பின் புல்லறுப்பு, பால் கறப்பு என்று பெண்ணின் நாள் இரண்டு வேலைநாளாக நீண்டது. கறந்த பாலும் சுட்ட தோசையும் லயத்துக்குள்ளேயே விலைபோயின. செக்ரோலில் (தோட்டத்தின் கூலிப் பதிவேட்டில்) ஏறாத இந்த வரவைக் கூலி அறிக்கைகளில் தேடிப் பயனில்லை.

1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை. மாடு மேய்ப்பதற்கே நேரம் பார்க்கவேண்டியிருந்த காலம்.

சேமிப்புக்குப் பெண்கள் கண்ட வழி கூட்டு. பத்துப் பேர் மாதம் பத்து வெள்ளி போட்டால் முறை வருபவர் கையில் நூறு வெள்ளி சேரும். அதில் ஒரு கன்றுக்குட்டியோ தையல் இயந்திரமோ வாங்கலாம். எழுத்து இல்லை, பிணை இல்லை. ஒரே லயத்தில் குடியிருப்பவர் ஏமாற்றிவிட்டு எங்கே போய்விட முடியும்?

1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. அதற்கு எதிராக 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கூட்டுப் பணம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தவணை புதிதாகத் தோன்றியிருக்காது. 1961-இல் சங்கம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. தோட்டத் தொழிலாளர் பணத்தில் தோட்டமே வாங்கப்பட்டது சிறிய செய்தியல்ல. ஆனால் துண்டாடல் அதைவிட வேகமாக நடந்தது.

கூட்டுக்கோ 1971-இல் சட்டமே தடை போட்டது. மோசடிகள் நடந்தது உண்மைதான். ஆனால் வங்கி எட்டிப்பார்க்காத லயத்தில் அதற்கு மாற்று எதுவும் வைக்கப்படவில்லை. ஏழைகளுக்குப் பிணையில்லாச் சிறுகடன் தரும் அமானா இக்தியார் 1987-இல்தான் உருவானது. அதுவும் முதலில் பெரும்பாலும் மலாய்க் கிராமங்களோடு நின்றது. அதற்குள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பல, ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறியிருந்தன.