மாந்தளிர்

‘மா’ என்பதே மாமரத்தின் பெயர். அதன்முன் வல்லினம் வந்தால் இனமான மெல்லெழுத்து தோன்றும்: மாங்காய், மாந்தளிர், மாம்பழம். ‘தளிர்’ பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொல்.

சேலைக் கடையில் ‘மாந்தளிர் நிறம்’ என்று கேட்டால் யாரும் பச்சையை எடுத்துப் போடமாட்டார்கள். செம்பும் ஊதாவும் கலந்த அந்த நிறம் கிளை நுனியில் துவண்டு தொங்கும் இளம் இலையினுடையது. தொட்டால் ஈரப்பட்டு போல நழுவும்.

அந்தச் செம்மைக்குக் காரணம் ஆந்தோசயனின். 1835இல் மார்க்குவார்ட் என்ற ஜெர்மானியர், பூ, நீலம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். பெயரில் நீலம் இருந்தாலும், அமிலத்தன்மையுள்ள செல்சாற்றில் அது சிவக்கும்.

இந்த நிறமியைச் செடி ஒரே மரபணுவால் செய்துவிடுவதில்லை. ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக அதை உருவாக்கப் பல நொதிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு. மக்காச்சோளம், பெட்டூனியா முதலிய செடிகளில் கண்டறிந்தபடி, மூவகைப் புரதங்கள் ஒன்றுகூடி அந்த மரபணுக்களின் முகப்பில் அமர்ந்து அவற்றை இயக்குகின்றன. அம்மூவகையில் மிப் என்ற புரத வகையே பெரும்பாலும் எந்த உறுப்பு, எப்போது சிவக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. வெயிலும் குளிரும் இந்த மரபணு வலையைத் தூண்டும். சில மிப் புரதங்கள் அடக்கவும் செய்யும்.

இலை முற்றும்போது சிவப்பு குறைந்து பச்சையம் ஏறுகிறது. அப்போது அதன் பெயரும் மாறிவிடும்: மாவிலை.