தமிழ் எழுத்தின் வார்ப்பு யார் கையில்?

வெள்ளவத்தையிலே காலி வீதியோரமாக நடப்போர் சற்றே தலையுயர்த்திப் பார்ப்பின், மும்மொழிப் பெயர்ப்பலகைகளில் தமிழ் எவ்வாறு நிற்கின்றது என்பதைக் காணலாம். சிங்களம் அகன்று உருண்டு நிற்கும். ஆங்கிலம் நிமிர்ந்து நிற்கும். தமிழோ பல இடங்களில் நெருக்குண்டு, கொம்பு ஓரிடத்தும் அதற்குரிய மெய் வேறோரிடத்துமாக, துணை எழுத்தின் அருகே காரணமின்றி ஒரு புள்ளி வட்டம் தொங்கக் காணப்படும். மொழிபெயர்த்தவரின் அறியாமை என்று கூறிவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின் எழுத்துப் பிழை வேறு, எழுத்தின் உருவப் பிழை வேறு. பின்னையதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் எழுத்தை வார்க்கும் அச்சு யார் கையில் இருந்தது, யாருடைய தேவைக்காக அது வார்க்கப்பட்டது என்னும் வரலாறே அது.

தமிழ் அச்செழுத்தின் தொடக்கம் யாவரும் அறிந்ததே. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிற்று. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெருத்திருந்தமையாற் காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கவேண்டியதாயிற்று. வாசிப்பவனுடைய கண்ணை விடக் காகிதத்தின் விலையே எழுத்தின் அளவை நிர்ணயித்தது என்பதை நாம் இங்கு மறந்துவிடலாகாது.

கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவியது ஒல்லாந்தக் கம்பனி. தேசாதிபதி வான் இம்ஹொப் காலத்தில், கம்பனி ஊழியர் காபிரியேல் ஷாடே செய்த எழுத்துகளைக் கொண்டு 1737இல் சிங்களம் முதன்முதலாக அச்சாயிற்று. தமிழும் அவ்வச்சுக்கூடத்தில் இடம்பெற்றது. பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலே வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, இன்றைய கொட்டாஞ்சேனையின் ஓரத்தில், வுல்பெண்டால் தேவாலயம் திறக்கப்பட்டிருந்தது. கோயிலும் அச்சும் ஆட்சியும் ஒரே கம்பனியின் கையில் இருந்த காலம் அது. மக்களுக்கு எழுத்துக் கிடைத்தது. ஆனால் எதனை அச்சிடுவது என்ற உரிமை கிடைக்கவில்லை. அவ்வுரிமையைத் தாமே எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானவர், 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய ஆறுமுக நாவலர்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1930இல் வீரகேசரி தொடங்கிற்று; கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வீதியே நெடுங்காலம் அதன் இருப்பிடம். அந்நாளைய அச்சகத் தொழிலாளியைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியேனும் எழுதியதுண்டா? நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டிகளின் முன் நின்றபடி, தலைகீழாகத் தெரியும் ஈய எழுத்தைத் தொட்டே அடையாளங்கண்டு, சொல் சொல்லாகக் கோத்தவர் அவர். ஆசிரியத் தலையங்கம் எழுதியவர் நாற்காலியில் இருந்தார். அதனை எழுத்தெழுத்தாக மறுபடியும் எழுதியவர் கால்கடுக்க நின்றார். ஈயத் தூசு அவர் விரலிலும் மூச்சிலும் கலந்தது. தும்பிக்கை வைத்த பழைய 'ணை', 'லை', 'ளை', 'னை' வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு வேண்டும். ஓர் எழுத்துத் தீர்ந்துவிட்டால், முன்னைய பக்கத்தை அடித்து முடித்துப் பிரித்துப் போடும்வரை காத்திருக்கவேண்டும். பெரியார் 1935இல் குடி அரசில் கைக்கொண்டு, தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை வெறும் கொள்கைச் சண்டையாகக் காண்போர், இந்தப் பெட்டிகளின் முன் ஒருநாளாவது நின்றிருக்க மாட்டார்கள்.

தட்டச்சுப் பொறி இன்னுமொரு நெருக்கடியைக் கொணர்ந்தது. சிலபத்து விசைகளுக்குள் தமிழை அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா அதற்கு விடை கண்டார். அடித்தாலும் தாள் நகராத விசைகளிற் சில துணைக்குறிகளை அமைத்து, அடுத்து அடிக்கும் எழுத்தோடு அவை பொருந்துமாறு செய்தார். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரியணையேற்றியபோது, கந்தோர்களிற் கேள்வி மொழி பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. மேசையின் மேல் எந்த எழுத்துப் பொறி இருக்கும் என்பதாகவும் இருந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் கூறியதோ 1987இல். அதற்குள் ஈயமே விடைபெறத் தொடங்கிவிட்டது.

கணினி வந்தது. அதனோடு வந்தது பாமினி. எழுத்தை வடிவத்தால் மட்டும் கண்ட காலம் இது என்பதால், இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

பாமினி என்னும் எழுத்துருவின் உத்தி எளியது. கணினிக்குத் தெரிந்தவை ஆங்கில எழுத்துகள். அவற்றின் உருவத்தை அகற்றிவிட்டு, அவ்விடத்திலே தமிழ் உருவத்தை வைத்துவிட்டால் திரையில் தமிழ் தெரியும். ஜே என்ற விசையில் 'த', கே என்பதில் 'ம', பி என்பதில் இகரக் குறி, ஓ என்பதில் 'ழ', அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. இவ்வைந்தையும் தட்டினால் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் பொறியின் நினைவில் உள்ளது தமிழன்று. பொருளற்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். கொம்பும் ஒலிக்கும் முறையிலன்றிக் கண்ணுக்குத் தோன்றும் முறையில் மெய்யின் முன்னே நின்றது. அகரவரிசைப்படுத்தச் சொன்னாற் பொறி திணறும். சொல்லைத் தேடச் சொன்னால் விழிக்கும். பார்வையற்றோருக்காக வாசிக்கும் கருவி உளறும்.

இதனால் நாம் பாமினியை இகழவில்லை. 1990களிலும் அதன் பின்னரும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வெளிவந்த எண்ணிறந்த நூல்களுக்கும் துண்டுப்பிரசுரங்களுக்கும் கலியாண அழைப்பிதழ்களுக்கும் உடல் கொடுத்தது அது. போர்க்காலத்தில் அரசும் பெருநிறுவனங்களும் தமிழுக்கு வழி செய்யும் என்று காத்திருந்தால், வெள்ளவத்தையின் சிறு அச்சகங்கள் மூடியே கிடந்திருக்கும். எனினும் விலை கொடுத்தோம். நண்பர்கள் சிலரோடு நாம் அந்நாளில் நடத்திய சிறு சஞ்சிகையொன்றின் கோப்பை அண்மையில் திறந்தோம். பக்கம் முழுதும் அரைப்புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளும். நம் கட்டுரையை நம்மாலேயே வாசிக்க முடியவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலையும், சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும் உருவாக்கினர். எழுத்துரு பெருகப் பெருக, ஒரு தமிழர் எழுதியதை இன்னொரு தமிழர் வாசிக்க முதலில் அவருடைய எழுத்துருவைப் பெறவேண்டியிருந்தது. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாடு ஒழுங்குசெய்ய முயன்றது. இறுதியில் உலகப் பொதுவான ஒருங்குறியே நிலைத்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தியாவின் முன்னைய குறியீட்டு முறையைத் தழுவி அமைந்த அவ்வொதுக்கீட்டைப் பற்றித் தமிழறிஞர் பலருக்கு மனக்குறை உண்டு, அது நியாயமானதே. இலங்கையில் 2008இல் தர நியமம் 1326 ஒருங்குறித் தமிழை ஏற்று, தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டிய ரெங்கநாதன் விசைப்பலகையையும் நியமமாக்கியது.

ஒருங்குறியில் எழுத்து வேறு, உருவம் வேறு. ஆகவே எழுத்துரு வரைபவரின் வேலை இருமடங்காயிற்று. ஆயிரம் கூறாகப் பிரித்த ஒரு சதுரத்தில், புள்ளிகளை நட்டு அவற்றுக்கிடையே வளைவுகளை இழுத்து அவர் ஒவ்வோர் உருவையும் வரைகிறார். 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் சிறிய அளவில் ஒன்றாகிவிடாமற் காக்கவேண்டும். 'ர'வும் காலும் ஒன்றாய்த் தோன்றாதிருக்க, 'ர'வின் அடியைச் சாய்க்கவேண்டும். உகர ஊகாரங்களோ பெரும் தொல்லை: பதினெட்டு மெய்க்கும் முப்பத்தாறு உருவங்கள். இவற்றுக்கு ஒருங்குறியில் தனியிடம் இல்லை. 'க'வின் பின் உகரக் குறி வந்தால் 'கு' என்ற உருவை இடு என்னும் விதியை எழுத்துருவுக்குள்ளேயே எழுதி வைக்கவேண்டும். கொம்பை மெய்யின் முன்னே கொண்டுவந்து வைப்பதும் அத்தகைய ஒழுங்கே. அவ்விதியறியாத மென்பொருளில் தமிழை ஒட்டினால், நாம் தொடக்கத்திற் கண்ட பெயர்ப்பலகை பிறக்கிறது.

ஈய வார்ப்புக்குப் பெருமூலதனம் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கணினியும் ஃபொண்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச மென்பொருளும் பெரும்பொறுமையும் போதும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், கவிவனார் ஆகிய எழுத்துருக்களை எவரும் காசின்றிப் பெறலாம், மாற்றலாம், மீண்டும் வெளியிடலாம். அவற்றைப் பரப்புவது கூகுள் என்னும் அமெரிக்கக் கம்பனி. அச்சுக்கூடம் மறுபடியும் கம்பனியிடம் போய்விட்டதா என்று கேட்கும் நண்பர்கள் உளர். கேள்வி வீணன்று, ஆயினும் இவற்றின் உரிமப்பத்திரம் எழுத்துருவை மறுபடி பூட்டிவைக்க இடமளிப்பதில்லை. வரைபவரின் அடுப்பு எதனால் எரியும் என்ற கேள்விக்கே இன்னும் விடையில்லை.

கொழும்பின் மூனியாக் எழுத்துருக் குழு, தகட்டில் வெட்டிச் சுவரில் மை பூசும் எழுத்தைப் போன்ற 'போஸ்ட் நோ பில்ஸ்' என்னும் எழுத்துருவை வெளியிட்டது. அதில் சிங்களத்துக்குரியதன் பெயர் கொழும்பு. தமிழுக்குரியதன் பெயர் யாழ்ப்பாணம். தமிழைத் தனித்தொதுக்காது கூடவே வரைந்த நல்ல முயற்சி. ஆனாலும் கொட்டாஞ்சேனையில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளை இப்பெயர்களைக் கண்டால், தன் எழுத்துக்கு இந்நகரிற் பெயரில்லையா என்று கேட்கக்கூடும். கேட்கட்டும்.

இன்னொரு வேலையும் மீதியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைப் படமெடுத்துக் காத்துவருகின்றது. அவற்றுள் ஈய எழுத்திற் கோத்தவற்றைப் பழைய உருவத்திலேயே மீண்டும் வெளியிட விரும்பின், தும்பிக்கை 'ணை'யும் பழைய 'றா'வும் கொண்ட ஓர் எழுத்துரு வேண்டும். ஒருங்குறியில் எதையும் மாற்றவேண்டியதில்லை. உருவமும் விதியும் போதும். வரைய முன்வரும் மாணவர் மாதிரி தேடி வெகுதூரம் அலையத் தேவையில்லை; வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கைக்குள் திரும்பி, கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திற் பழைய நூலொன்றைக் கேட்டு வாங்கி விரித்தாற் போதும்.