பித்தளைக்கு மறுபிறவி உண்டு!

பள்ளியிலோ கல்லூரியிலோ நீங்கள் என்.சி.சி.யில் இருந்தவரா? அப்படியானால் இது ஞாபகம் இருக்கும். ஃபயரிங் முடிந்ததும் ஹவில்தார் எல்லோரையும் குனிந்து தேடச் சொல்வார். சுட்டுப்போட்ட காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மனுஷன் விடமாட்டார். 'வெடிச்சு முடிஞ்ச வெத்து உறைதானே... இதுக்கு எதுக்கு இத்தனை கணக்கு?' என்று அப்போது மனசுக்குள் முணுமுணுத்திருப்பீர்கள்.

அந்த வெத்து உறைக்கு ஒருகாலத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே பயந்தது என்றால் நம்புவீர்களா?

முதலில் தோட்டாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். நான்கே சமாச்சாரங்கள்தான். முனையில் குண்டு, உள்ளே மருந்து, அடியில் பொறி கொடுக்கும் குட்டி கேப், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளை உறை. சுட்டதும் குண்டு பறந்துவிடுகிறது. மருந்து புகையாகிறது. கேப் நசுங்கிப்போகிறது. கையில் மிஞ்சுவது உறை மட்டுமே. வேறு கேப், வேறு மருந்து, வேறு குண்டு கிடைத்தால் அதுவே மறுபடியும் தோட்டா!

ஏன் பித்தளை? எழுபது பங்கு தாமிரமும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த இந்த உலோகத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வெடிக்கும் கணத்தில் உறை உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடும். அடுத்த கணமே துளியூண்டு சுருங்கும். அதனால்தான் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வருகிறது.

இன்னொரு குணமும் உண்டு. பாத்திரம் அடிக்கும் கன்னாரைக் கேட்டால் சொல்வார். பித்தளையைத் தட்டத் தட்ட அது இறுகும். அதற்கு மேலும் தட்டினால் கீறல் விடும். தணலில் காட்டினால் மறுபடி இளகிவிடும். ஒரு ரகத் தோட்டாவின் உறையை இன்னொரு ரகமாக மாற்றும் வித்தைக்கு ஆதாரமே இதுதான். உறைக்கு எண்ணெய் தடவி எஃகு அச்சுக்குள் அழுத்தினால் கழுத்து குறுகும். அதிகப்படி நீளத்தை வெட்டிவிடலாம். கழுத்து இறுகிப்போனால் அதை மட்டும் சூடுகாட்டி இளக்க வேண்டும். அடிப்பகுதியில் சூடு ஏறிவிட்டதோ, உறை குப்பைக்குத்தான். வெடியின் அழுத்தத்தைத் தாங்க அடி கெட்டியாக இருந்தாக வேண்டும்.

இந்தப் பாடத்தில் நம் ஊர் மழைக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில், பெட்டியில் சும்மா இருக்கும்போதே கழுத்தில் விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை. தானாகவே விரிசல்! 'சீஸன் கிராக்கிங்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். காரணம் பிடிபடவில்லை. மூர், பெக்கின்சேல், மாலின்ஸன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1921-ல் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி... குதிரை! லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, இறுகிப்போய் விறைப்பாக இருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. கழுத்தைச் சூடுகாட்டி விறைப்பைப் போக்கியதும் வியாதி தீர்ந்தது. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் நீலம் பாய்ந்த ஒரு நிறம் தெரியும். அது அழுக்கல்ல, சூடுபட்ட தழும்பு.

சரி, சாம்ராஜ்யத்தின் பயத்துக்கு வருவோம்.

1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டாவின் பெயர் .577/450. ஏன் இரண்டு எண்கள்? அதற்கு முன்னால் இருந்த ஸ்னைடர் துப்பாக்கியின் தோட்டா .577 அங்குலம். அதன் உறையை நீட்டி, கழுத்தை .450-க்குக் குறுக்கிவிட்டார்கள். பெயரிலேயே அப்பா பெயரும் பிள்ளை பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன!

காலப்போக்கில் ராணுவம் .303-க்கு மாறியது. பழைய மார்ட்டினிகள் என்ன ஆயின? வடமேற்கு எல்லையிலும் சூடானிலும் ஆட்சிக்கு எதிராக நின்றவர்களின் கைகளுக்குப் போயிருந்தன. அதே சமயம், யானை, காட்டெருமை வேட்டைக்காக வந்த துரைமார்கள் .450 ரகப் பெரிய துப்பாக்கிகளோடு இந்தியாவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. 'வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டை உருவி, பழைய மார்ட்டினி உறையில் செருகிவிட்டால்?' என்ற கவலை. 1907-ஐ ஒட்டி, இந்தியாவிலும் சூடானிலும் .450 ரகத்துக்குத் தடை விழுந்தது. ஒரு வல்லரசு, கையால் தோட்டா கட்டத் தெரிந்த மலைவாசிக்குப் பயந்து, தன் சொந்த சீமான்களின் பொழுதுபோக்கில் கைவைத்த கதை இது.

லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இந்தியா பெரிய மார்க்கெட் ஆயிற்றே! .450-ஐத் தொடக்கூடாது, அவ்வளவுதானே என்று .500 உறையின் கழுத்தை வேறு அளவுக்குக் குறுக்கினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .500/465 அப்படிப் பிறந்ததுதான். ஜோசப் லாங்கின் .470-ம் அதே .500 உறையின் வாரிசு. (ஜிம் கார்பெட் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி .450/400 ரகம். பெயரில் 450 இருந்தாலும் குண்டு 400-தான். தடைச் சிக்கல் இல்லை.) சட்டம் ஒரு எண்ணை அடித்தால், பித்தளை இன்னொரு எண்ணாக உருமாறி வந்து நின்றது. தடையால் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டால், அந்தக் கம்பெனிகளைத்தான் கைகாட்டுவேன்.

கம்பெனிகள் செய்தால் வியாபாரம். அதையே தனிமனிதன் வீட்டு மேஜையில் செய்தால்? நம் நாட்டில் 1959-ன் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில், அப்பாவின் சலவைக்கடைப் பின்கட்டில், ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-ல் இதற்கான கருவிகள் செய்ய ஆரம்பித்தார். போர்க்காலத் தட்டுப்பாடு. குண்டின் மேல்தோலுக்கு உலோகம் இல்லை. சுட்டுப்போட்ட சின்னஞ்சிறு .22 உறைகளையே மேல்தோலாக மாற்றும் அச்சு அது. இன்று உலகம் அறிந்த ஆர்.சி.பி.எஸ். கம்பெனி அங்கேதான் முளைத்தது.

இந்த வித்தைக்குப் பெரிய வேலை வந்தது 1945-க்குப் பிறகு. பசிபிக் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக ஜப்பானின் அரிசாகா துப்பாக்கிகளை எடுத்து வந்தார்கள். பலவற்றில் சக்கரவர்த்தியின் சாமந்திப்பூ முத்திரை அராவி அழிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கி இருக்கிறது, தோட்டா? தயாரித்த நாடு சரணடைந்து கிடக்கிறது. (பின்னாளில் சுவீடனின் நார்மா கம்பெனி தயாரித்து விற்றது.)

ஆனால், அமெரிக்க ராணுவத்தின் .30-06 உறைகள் மலைபோல் கிடந்தன. அதன் நீளம் 63 மி.மீ. ஜப்பானின் 7.7 ரகம் சுமார் 58. அடிப்பாகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பருமன். ஐந்து மில்லிமீட்டரை வெட்டி, அச்சில் அழுத்தித் தோள்பட்டையைக் கீழிறக்கி, கழுத்தைச் சரிசெய்தால் ஜப்பானியத் தோட்டாவுக்கு உறை ரெடி. அமெரிக்க உறை அடியில் ஒரு நூல் ஒல்லி. முதல் முறை சுடும்போது கொஞ்சம் உப்பி, அறைக்கு ஏற்றபடி படிந்துகொள்ளும்.

ஆபத்து எங்கே என்று கேட்கிறீர்களா? உறையின் அடியில் இருக்கும் முத்திரையில். கடையில் வாங்கிய உறையாக இருந்தால், உருமாறிய பிறகும் '.30-06' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அது பச்சைப்பொய். விஷயம் தெரியாத ஒருவர் அந்த எழுத்தை நம்பி வேறு துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உறை கிழியலாம். கொதிக்கும் வாயு பின்பக்கமாகப் பீறிட்டால் எதிரே இருப்பது சுடுகிறவரின் கண். அதனால், அனுபவஸ்தர்கள் தனிப் பெட்டியில் வைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டிவிடுவார்கள். சேகரிப்பாளர்களும் முத்திரையை நம்புவதில்லை. அளவுகோலை எடுத்து அளந்து பார்த்துத்தான் ரகத்தைச் சொல்வார்கள்.

ராணுவ உறைகளில் ரகமே இருக்காது. தொழிற்சாலையின் எழுத்தும் வருஷமும் மட்டும். 'எஃப்.ஏ. 43' என்றால் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலை, 1943-ம் வருஷம். ஜப்பானோடு சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில் அமெரிக்கச் சிப்பாய்க்காக வார்த்த பித்தளை அது. அந்த வகை உறைகள்தான் சில வருஷம் கழித்து, ஐந்து மில்லிமீட்டர் குறைந்து, ஜப்பானியத் துப்பாக்கிக்குள் உட்கார்ந்து மான் வேட்டைக்குப் போயின.