ஒளி எழுதாத ஆனைமலை

1858ஆம் ஆண்டில், சென்னை மாகாண வனப் பாதுகாவலர் ஹ்யூ கிளெக்ஹார்ன் ஆனைமலையின் உயர்ந்த தொடர்களுக்கு ஒரு பயணம் மேற்கொண்டார். உடன் சென்ற டக்ளஸ் ஹாமில்டன் வேட்டைக்காரர்; தேர்ந்த ஓவியரும்கூட. அன்றைய ஆனைமலை அவருடைய கோட்டோவியங்களின் வழியாகவே நம்மை வந்தடைந்தது.

அக்காலத்தில் இங்கே புகைப்படக் கருவி இல்லாமலில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரைக் கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் சென்ற அந்தக் கருவி ஆனைமலை ஏறவில்லை. அடுத்த ஆண்டில் ஆளுநராக வந்த டிரெவெல்யன், அது ஆடம்பரச் செலவு என்று கருதி டிரைப்பின் பணியையே நிறுத்திவிட்டார்.

ஒரு நிலத்துக்குப் புகைப்படம் என்ன செய்யக்கூடும் என்பதை அறிய நாம் அமெரிக்காவைப் பார்க்கலாம். 1871இல் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளுக்குச் சென்ற ஹேடன் ஆய்வுக் குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் இருந்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, கூடாரத்தின் இருளில் உடனே உருத்துலக்க வேண்டிய காலம் அது. ஊற்றின் சுடுநீரிலேயே கழுவியதால் தகடுகள் விரைவில் உலர்ந்தன என்று ஜாக்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருடைய படங்களும் தாமஸ் மோரனின் ஓவியங்களும் வாஷிங்டனில் சட்டமியற்றுவோர் கண்முன் வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று அந்நிலம் தேசியப் பூங்காவாயிற்று.

கொலோடியன் நீல ஒளியை நன்கு உணரும். பச்சையைப் பெரும்பாலும் உணராது. வெண்ணிறப் பாறையும் அதற்கு உகந்தவை. அடர்ந்த சோலையோ கரிய திட்டாகவே பதியும். ஆனால் வேதியியலை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1860களின் இறுதியில் சாமுவேல் போர்ன் நீலகிரியைப் படமெடுத்தாரே! உதகையில் வெள்ளையர் குடியிருப்பு இருந்தது. பாதையும் வாங்குவோரும் இருந்தனர். ஆனைமலையை அரசு தேக்கு மரக் கிடங்காகவே கண்டது.

பின்னர் வந்த கருவி மலையை விட்டு மனிதர்மேல் திரும்பியது. எட்கர் தர்ஸ்டன் காடர்களை அளந்தார்; 1909இல் வெளியான அவருடைய நூலில் அவர்களின் படங்கள் உள்ளன. அதற்குள் வால்பாறை மேட்டில் காடழித்துத் தோட்டங்கள் பரவத் தொடங்கியிருந்தன. ஆனைமலை சரணாலயமானது 1976இல்தான்.

இன்று தேயிலைக்கிடையே தீவுகளாய் நிற்கும் சோலைகளைக் காண்கையில், அவை ஒன்றாயிருந்த தோற்றத்தை ஹாமில்டனின் கோடுகளைக் கொண்டு ஊகிக்கவே நம்மால் இயலுகிறது. மீட்டு வளர்க்கும் காட்டை ஒப்பிட்டுப் பார்க்க, அந்த ஆண்டின் ஒரே ஒரு கண்ணாடித் தகடேனும் இருந்திருக்கலாகாதா?