இரு எண்களின் வரலாறு: அமெரிக்காவில் நுகர்வோர் காணும் கிரெடிட் ஸ்கோரும் கடன் தருவோர் காணும் ஸ்கோரும்

அமெரிக்காவில் ஒருவர் தம் கிரெடிட் ஸ்கோரைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டு வங்கிக்குப் போகிறார். அங்கே அதிகாரியின் திரையில் இருப்பது வேறோர் எண். கணக்கிடும் முறைகள் பல இருப்பதால் நேரும் வேறுபாடு என்று இதற்கு விளக்கம் தரப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. நுகர்வோருக்கென்று தனியாக ஒரு ஸ்கோர் விற்பனைக்கு வந்ததற்குச் சட்டமே வழிவிட்டது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது.

கடன் வாங்குவோரைப் பற்றித் தகவல் திரட்டி விற்கும் தொழில் ஸ்கோரைவிடப் பழையது. 1899இல் அட்லாண்டாவில் ரீடெயில் கிரெடிட் கம்பெனி தொடங்கப்பட்டது. பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் ஆன நிறுவனம் இதுதான். ஒருவரின் கடன் பாக்கியோடு அவருடைய ஒழுக்கம், பழக்கவழக்கம் பற்றி அக்கம்பக்கத்தார் சொன்னதும் அதன் கோப்புகளில் ஏறியது. அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று சம்பந்தப்பட்டவரே கேட்டறியும் உரிமை 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தால்தான் கிடைத்தது.

இதற்கிடையே, 1956இல் பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் ஏர்ல் ஐசக்கும் கலிபோர்னியாவில் ஃபேர் ஐசக் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். பழைய கடன் கணக்குகளை ஆராய்ந்து, புதிதாக விண்ணப்பிப்பவர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்பதைப் புள்ளிகளாகக் கணித்துத் தருவது அவர்கள் தொழில். தொடக்கத்தில் ஒவ்வொரு கடன் நிறுவனத்துக்கும் தனித்தனியாகச் செய்து தந்தார்கள். எல்லோரும் பயன்படுத்தத்தக்க பொதுவான ஸ்கோராக ஃபேர் ஐசக்கின் ஃபைகோ 1989இல் வந்தது. 1995இல் ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய வீட்டுக்கடன் நிறுவனங்கள் அதைப் பரிந்துரைத்தபின் வீடு வாங்கும் குடும்பத்தின் கதியே அந்த மூன்றிலக்க எண்ணைப் பொறுத்தது என்றாயிற்று.

அத்தனை முக்கியமான எண் அக்குடும்பத்துக்குத் தெரியாது. 1996இல் கடன் அறிக்கைச் சட்டம் திருத்தப்பட்டபோது, கோப்பிலுள்ளதை நுகர்வோருக்குக் காட்ட வேண்டும், ஆனால் ஸ்கோரைக் காட்டும் கடமை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். 2000ஆம் ஆண்டில் இ-லோன் என்ற இணையக் கடன் நிறுவனம் ஃபைகோ ஸ்கோரை மக்களுக்கு இலவசமாகக் காட்டத் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்து அது விரைவிலேயே நிறுத்தப்பட்டாலும் மூடிவைத்த கதவு திறந்துவிட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியா, வீட்டுக்கடன் கேட்போருக்கு ஸ்கோரைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2001இல் ஃபேர் ஐசக்கே ஈக்விஃபாக்ஸோடு சேர்ந்து நுகர்வோருக்கு ஸ்கோர் விற்க முன்வந்தது.

வரலாற்றின் திருப்பம் 2003ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. நியாயமான கட்டணம் பெற்றுக்கொண்டு ஸ்கோரைத் தர வேண்டும் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்கு அது கட்டளையிட்டது. எந்த ஸ்கோர்? கடன் தருவோரிடம் பரவலாகப் புழங்குவதைத் தரலாம், நுகர்வோர் தம் நிலையைப் புரிந்துகொள்ள உதவும் வேறொன்றையும் தரலாம் என்று இரு வழிகளைத் திறந்துவிட்டது. இந்த இரண்டாவது வழியே நுகர்வோர் ஸ்கோர் என்ற தனிச்சரக்குக்குச் சட்டத்தின் முத்திரையைக் கொடுத்தது என்பது என் கணிப்பு. மற்றொரு கடன் தகவல் நிறுவனமான எக்ஸ்பீரியனின் பிளஸ் ஸ்கோர் 330 முதல் 830 வரை அளந்தது. ஈக்விஃபாக்ஸ் தன் சொந்த ஸ்கோரை 280 முதல் 850 வரை வைத்தது.

அளவுகோல் மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பெரிய தகவல் நிறுவனங்களும் சேர்ந்து 2006இல் வான்டேஜ் ஸ்கோரைக் கொண்டுவந்தன. அதன் எல்லை 501 முதல் 990. பள்ளிக்கூடத் தரவரிசைபோல எழுத்துகளும் இருந்தன. அதில் 700 எடுத்தவர் ‘டி’ வகுப்பு, கடைசிக்கு முந்தையது. 300 முதல் 850 வரையுள்ள ஃபைகோவில் அதே 700 நல்ல ஸ்கோர். 2013இல்தான் வான்டேஜும் 300–850 அளவுக்கு வந்தது.

கடன் தருவோர் பக்கத்திலும் எண் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே வாய்பாட்டைப் போட்டாலும் மூன்று நிறுவனங்களின் கோப்புகளில் உள்ள தகவல் வேறுபடுவதால் விடை மாறும். வாகனக் கடனுக்கான ஃபைகோ 250 முதல் 900 வரை செல்கிறது. வீட்டுக்கடனிலோ புதிய வடிவங்கள் வந்தபிறகும் பழைய ஃபைகோ வடிவங்களே பல்லாண்டுகள் கோலோச்சின.

இந்த இடைவெளியை ஆராயும்படி 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் பணித்தது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் மூன்று நிறுவனங்களிடமிருந்தும் தலா 2,00,000 கோப்புகளைப் பெற்று 2012இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலோருக்கு இரு ஸ்கோர்களும் ஒத்தே சென்றன. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு, கையில் கிடைத்த எண் ஒரு தரம் காட்ட, கடன் தருபவர் பார்த்த எண் வேறு தரம் காட்டியது. உயர்வாகத் தெரிந்தால் கிடைக்காத கடனுக்கு அலைவார்கள். தாழ்வாகத் தெரிந்தால் கிடைக்கக்கூடிய குறைந்த வட்டியைக் கேட்காமலே இருந்துவிடுவார்கள். இரண்டிலும் நட்டம் நுகர்வோருக்கே.

2017இல் பணியகம் நடவடிக்கை எடுத்தது. விற்ற ஸ்கோரின் பயனைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்தியதாக டிரான்ஸ்யூனியனும் ஈக்விஃபாக்ஸும் நட்டஈடும் அபராதமுமாக 2.3 கோடி டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. எக்ஸ்பீரியனுக்கு 30 லட்சம் டாலர் அபராதம். விற்பனை தடை செய்யப்படவில்லை, ஸ்கோரின் தன்மையை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதே உத்தரவு.

கடன் மறுத்தாலோ ஸ்கோரை வைத்துக் கூடுதல் வட்டி விதித்தாலோ, பயன்படுத்திய எண்ணைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2011 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்த எண் விண்ணப்பித்த பிறகே கைக்கு வருகிறது. விண்ணப்பிக்கும் முன் வாங்கும் ஸ்கோர் அதே எண்ணாக இருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை.