டேங்கரின் பின்னால் எழுதியிருக்கும் எண்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும், ஒரு கேஸ் டேங்கராவது கடந்து போகும். அதன் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு கட்டம் வரைந்து, உள்ளே 1075 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது வண்டி நம்பர் அல்ல, போன் நம்பரின் பகுதியும் அல்ல. சமையல் எரிவாயுவுக்கு உலகம் முழுவதும் உள்ள அடையாள எண் அது. கந்தக அமிலம் என்றால் 1830, காஸ்டிக் சோடா கரைசல் என்றால் 1824, குளோரின் என்றால் 1017, பெட்ரோல் என்றால் 1203.

என் பணிக்காலத்தின் பிற்பகுதி இந்தப் பக்கத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில், உரிமப் பிரிவில் கழிந்தது. ரசாயன லோடு ஓட்டும் டிரைவர்களின் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். அந்தக் கோப்புகளில் அடிக்கடி தென்பட்ட விதிகளுக்கு மூலம் எங்கே என்று தேடியபோது, 'ஏ.டி.ஆர்.' என்ற மூன்று எழுத்து கிடைத்தது. ஆங்கிலத்தில் அந்த மூன்றுக்கும் விரிவு பொருந்தவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் எனக்குச் சட்டென்று புரிந்தது. 'அக்கோர்' என்றால் ஒப்பந்தம், 'தான்ழெரேஸ்' என்றால் ஆபத்தானவை, 'ரூத்' என்றால் சாலை. ஆபத்தான சரக்குகளைச் சாலை வழியாக நாடு விட்டு நாடு கொண்டு செல்வதற்கான ஒப்பந்தம். பள்ளியில் படித்த பிரெஞ்சு அலுவலகத்தில் எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்!

அதன் வரலாறு சுருக்கமாக இது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ரசாயனத் தொழில் வேகமாக வளர்ந்தது. ஜெர்மனியில் ஏற்றிய அமிலம் பிரான்சைக் கடந்து ஸ்பெயினில் இறங்கும். ஒவ்வொரு எல்லையிலும் சட்டம் வேறு, மொழி வேறு. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு ஆபத்தான சரக்குகள் பற்றிய தன் முதல் பரிந்துரைகளை 1956இல் வெளியிட்டது. 1957 செப்டம்பர் 30 அன்று ஜெனீவாவில் ஏ.டி.ஆர். ஒப்பந்தம் உருவானது. நடைமுறைக்கு வர 1968 ஜனவரி ஆகிவிட்டது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. இந்தியா உறுப்பினர் அல்ல. ஆனால் அந்த நான்கு இலக்க எண்கள் நமக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

ஐரோப்பிய டேங்கர்களில் ஆரஞ்சு நிறப் பலகை இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சரக்கின் எண், மேல்பாதியில் ஆபத்தின் எண். 2 என்றால் வாயு, 3 என்றால் தீப்பற்றும் திரவம், 6 என்றால் நஞ்சு, 8 என்றால் அரிக்கும் பொருள். ஒரே இலக்கம் இரண்டு முறை வந்தால் ஆபத்து கூடுதல். முன்னால் பெருக்கல் குறி போன்ற எழுத்து இருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. போர்ச்சுகீசிய டிரைவர் போலந்தில் கவிழ்ந்து மயங்கிக் கிடந்தாலும், அங்குள்ள தீயணைப்பு வீரர் எண்ணைப் பார்த்தே வேலையைத் தொடங்கலாம். எந்த மொழியும் தாண்டாத எல்லையை எண் தாண்டிவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அந்த மின்சாரத்தை நம்பி 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் சேர்ந்தே வரும். ஒரு டன் காஸ்டிக்குக் கிட்டத்தட்ட 900 கிலோ குளோரின். ஒன்றை வேண்டும் என்றும் மற்றதை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சோப்புக்கும் காகிதத்துக்கும் காஸ்டிக் வேண்டும், குடிநீருக்கும் சலவைக்கும் குளோரின் வேண்டும். இரண்டும் லாரியில்தான் ஏற வேண்டும்.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் லாரித் தொழிலும் வளர்ந்தபின், டேங்கர் இந்தப் பகுதியின் தனி அடையாளம் ஆகிவிட்டது. தென்மாநிலங்களில் எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர்களில் பெரும்பகுதி இங்குள்ள உரிமையாளர்களுடையவை. மங்களூரிலோ கொச்சியிலோ ஏற்றி, வேறொரு மாநிலத்தில் இறக்குவார்கள். ஐரோப்பாவில் நாட்டு எல்லை என்றால் நமக்கு மாநில எல்லை. பரமத்தி வேலூர் டிரைவர் கன்னடம், மலையாளம், தெலுங்கு, மராத்தி எல்லாம் பேசும் ஊர்கள் வழியாக 18 டன் எரிவாயுவுடன் போகிறார்.

1984 போபால் விபத்துக்குப் பிறகுதான் நம் சட்டங்கள் விழித்துக்கொண்டன. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1988இல் மோட்டார் வாகனச் சட்டம், 1989இல் மத்திய மோட்டார் வாகன விதிகள். அந்த விதிகளின்படி சரக்கை அனுப்புகிறவர், வண்டி உரிமையாளர், டிரைவர் மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு. வண்டியில் மூன்று இடங்களில் அவசரத் தகவல் கட்டம் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதிய தாள் டிரைவரின் கேபினில் இருக்க வேண்டும். டிரைவருக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். அதோடு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒருமுறை ஐம்பது வயது டிரைவர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். இருபது வருடம் ஆசிட் வண்டி ஓட்டியவர். கேபினில் வைக்கும் ஆங்கிலத் தாளை நீட்டி, "சார், கையெழுத்து மட்டும் இங்கிலீஷ்ல போடுவேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் சொன்னதில்ல. ஆனா 1830ன்னா தண்ணி ஊத்தக் கூடாது, தள்ளி நிக்கணும், அது தெரியும்" என்றார். அன்று மாலை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொன்னேன். "முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்" என்றார் அவர்.

ஏ.டி.ஆர். இந்த இடத்தில் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. முன்பு அந்தத் தாளைச் சரக்கு அனுப்புகிறவர் தருவார். 2009 திருத்தத்தில் அந்தப் பொறுப்பு வண்டி நடத்துகிறவரிடம் போனது. வண்டியில் இருப்பவர்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் அது இருக்க வேண்டும் என்பது விதி. சட்டத்தின் மொழிக்கு டிரைவர் வர வேண்டும் என்று சொல்லவில்லை, டிரைவரின் மொழிக்குத் தாள் போக வேண்டும் என்கிறார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில், அளவுக்கு மேல் புரொப்பிலீன் நிரப்பிய டேங்கர் ஒன்று கடற்கரைச் சாலையில் லோஸ் அல்ஃபாகேஸ் என்ற முகாமருகே வெடித்தது. விடுமுறைக்கு வந்திருந்த 200க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நம் பக்கம், 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் எரிவாயு டேங்கர் ஒன்று சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு தீப்பிடித்து 20 பேர் இறந்தார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் புகும். இதை அறிந்த டிரைவர் ஓடும்போதே "அடுப்பை அணை, விளக்கு சுவிட்சைத் தொடாதே" என்று கத்திக்கொண்டு ஓடுவார். அந்த அறிவு கேபினில் ஆங்கிலத் தாளாக மடங்கிக் கிடந்து என்ன பயன்?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. வண்டிகள் வேகமாகப் போகின்றன, நல்லதுதான். ஆனால் மொழி எல்லை அப்படியே இருக்கிறது. அதை நீக்கப் பெரிய செலவு ஆகாது. ஒரே தாளில் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று அச்சிட்டுவிடலாம். நாமக்கல்லில் இருந்து போகிற ஒவ்வொரு கேபினிலும் தமிழ்த் தாளாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலையில் டேங்கர் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டால் படம் எடுக்க அருகே போகாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக விலகிப் போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பீடி பற்ற வைக்காதீர்கள். தூரத்திலிருந்தே கட்டத்தில் உள்ள நான்கு இலக்கம் தெரிந்தால் அதைக் குறித்துக்கொண்டு, பாதுகாப்பான தொலைவுக்குப் போனபின் 112க்குப் பேசி இடத்தையும் அந்த எண்ணையும் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவருக்கு எந்த மொழி தெரிந்தாலும் அந்த எண் புரியும்.